ஜபசிங்கத்தின் கோவைக்காய் விரல்

ஜூலை 8, செவ்வாய்

இந்த டைரி போன வருடத்தியது. பெயிண்டுக் கடைக்காரர் கொடுத்தார். கிழமைகளை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். பெரிய மனிதர்கள் எல்லோரும் டைரி எழுதியிருக்கிறார்கள். நான் மட்டும் எழுதாமல் போனால் பின்னால் வருகிறவர்கள் என்னைப் பற்றித் தப்புத் தப்பாக எழுதிவிடுவார்கள்.

என் பெயர் கோதண்டம். பொன்மலையில் கோதண்டம் எலக்ட்ரிகல்ஸ் என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எது எரிந்தாலும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருவேன். படிப்பு எட்டாவது. ஒன்பதாம் வகுப்பில் என் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நானும் நாகரிகமாக நின்றுகொண்டேன்.

இன்று இருதய டாக்டரைப் பார்த்தோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதயம் கொஞ்சம் பெரிசா இருக்கு" என்றார். ஊரே சொல்வதுதான், படம் எடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. என் மனைவி அமிர்தவல்லிதான் ஏனோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பாம். நெஞ்சைத் திறந்து மூன்று லைன் புதிதாக இழுக்க வேண்டுமாம். ஒயரிங் வேலைதானே. நானே செய்துகொள்வேன், கை எட்டாது என்பதால் அவரிடம் விட்டிருக்கிறேன்.

அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம் என்றார். "ஆடி பிறக்குது டாக்டர். ஆவணில வச்சுக்கலாமா?" என்றாள் அமிர்தம்.

டாக்டர் யோசித்தார். "ஆகஸ்ட் பதினெட்டு. ஆனா அதுவரைக்கும் இவர் ஏணி ஏறக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. பீடியைத் தொடவே கூடாது. ஒரு இடத்துல உக்காந்திருக்கணும். உக்காருவாரா?"

"உக்கார வைக்கிறேன் டாக்டர்" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் அவளுக்கு என்னைத் தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

அமிர்தம் வேண்டிக்கொண்டாளாம். ஆபரேஷனுக்குள் ஒரு லட்சம் தடவை 'நமச்சிவாய' சொல்லி முடிப்பதாக. எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் புஷ்பவேணி டீச்சர் (தமிழ் டீச்சர், ரிட்டையர் ஆனாலும் குரல் ரிட்டையர் ஆகவில்லை) பெண்களைச் சேர்த்து ஒரு ஜபக்குழு நடத்துகிறார். இப்போது மாலை உருட்டுவதில்லை. போனில் ஒரு ஆப். வட்டமாக ஒரு பொத்தான். ஒரு நாமம் சொல்லி ஒரு தட்டு. யார் எத்தனை சொன்னார்கள் என்று எல்லார் போனிலும் வரிசையாகத் தெரியும். டீச்சர்தான் எப்போதும் முதலில் இருப்பார். அந்தக் குழுவில் அது சட்டம்.

சாம்பார் கொதிக்கும்போது தட்டுகிறாள். துணி ஊறும்போது தட்டுகிறாள். நான் கூப்பிட்டால் விரலை உயர்த்தி நிறுத்துகிறாள். ஒரு நாமம் முடிகிற வரைக்கும் புருஷன் காத்திருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

நாளை முகூர்த்தம். கல்யாண மண்டபத்தில் நாலு ஃபேன் ஓடவில்லை என்று ஆள் வந்துவிட்டான். கோதண்டம் போகாவிட்டால் மாப்பிள்ளைக்கு வியர்க்கும், அவன் மனம் மாறும், ஒரு பெண்ணின் வாழ்க்கை போய்விடும். போனேன். மூன்று ஃபேனை ஏணியில் ஏறி ஓட்டிவிட்டேன். நாலாவதில் மண்டபத்தில் வெளிச்சம் குறைந்துவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கி, சமையல்காரர் போட்ட பாயில் கொஞ்ச நேரம் சாய்ந்து, கட்டடத்தின் உறுதியைக் கீழிருந்து ஆராய்ந்தேன்.

யாரோ அமிர்தத்துக்குப் போன் செய்துவிட்டார்கள். ஆட்டோவில் வந்தாள். வழி முழுக்கத் திட்டவில்லை. தட்டிக்கொண்டே வந்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

அமிர்தத்தின் வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. பூண்டு உரிக்க முடியவில்லை. இடது கையால் தட்டினால் கணக்கு சுணங்குகிறதாம். "வேற விரல் இல்லையா?" என்று கேட்டேன். "கட்டைவிரல்தான் வசதி. உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

என் வேலையைப் பார்த்தேன். அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. தட்டுவது ஒரு வேலை. வேலை என்றால் மெஷின் உண்டு. மாவு ஆட்டுவதைக் கிரைண்டரிடம் விட்ட பெண்கள், பொத்தான் தட்டுவதை மட்டும் ஏன் விரலிடம் வைத்திருக்கிறார்கள்? மனித குலத்தில் இது இதுவரை யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான்.

அவளிடம் சொல்லவில்லை. மிக்ஸி வேகம் பார்க்கும் கருவி செய்யப்போகிறேன் என்றேன்.

"வீட்டுலயே செய்வீங்களா? உக்காந்துட்டா?"

"ஆமா."

"நல்லா செய்ங்க" என்று காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 16, புதன்

முதல் கருவி: மிக்ஸி மோட்டார், சைக்கிள் கம்பி, நுனியில் ரப்பர். சோதனைக்கு என் போனையே வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டியது. அந்த ஒரு தட்டில் போனின் கண்ணாடி மதுரை வீதிகள் மாதிரி நாலாபுறமும் ஓடிவிட்டது. வேகம் அதிகம். வெற்றி அதிகமானால் இப்படித்தான் ஆகும்.

ஜூலை 19, சனி

என் கடைக்குப் பக்கத்துக் கடை என் தங்கை மகள் தேன்மொழியுடையது. போன் சர்வீஸ். டிப்ளமா படித்தவள். அறிவு என் பக்கத்து ரத்தம், படிப்பு மட்டும் காலேஜ். என் போனைப் பார்த்துவிட்டு, "யார் மாமா சுத்தியலால அடிச்சது?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள்.

பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி மோட்டாரும், அதை ஆட்டிவைக்க ஒரு சின்னப் போர்டும் எடுத்துக் கொடுத்தாள். எத்தனை நொடிக்கு ஒரு தடவை தட்ட வேண்டும் என்று கேட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ எழுதி ஏற்றினாள். சில்லறை உதவிதான். மூளை என்னுடையது.

ஆனால் ஒரு சிக்கல். தட்டுகிறது, ஆனால் போன் கேட்கவில்லை. ரப்பர், பென்சில், பேனா மூடி, கரண்டிக் காம்பு எல்லாம் வைத்துப் பார்த்தேன். போன் கல்லாட்டம் இருக்கிறது.

"ஸ்கிரீன் அழுத்தத்தைப் பாக்காது மாமா" என்றாள் தேன்மொழி. "நம்ம உடம்பு அதுகிட்டருந்து லேசா கரண்ட்டை இழுக்கும். அதை வச்சுத்தான் யாரோ தொடுறாங்கன்னு கண்டுபிடிக்கும். ரப்பர் எதை இழுக்கும்? ஈரமா, சதையா, உசிருள்ளதா இருக்கணும்."

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கடைக்கு வராதீங்க மாமா. வீட்டுல உக்காந்தே செய்ங்க. எது வேணும்னாலும் நான் கொண்டாந்து தரேன்" என்று ஆட்டோ ஏற்றிவிட்டாள். என் நேரத்தின் மதிப்பு தெரிந்த பெண்.

ஜூலை 22, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

காய்கறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சோதித்தேன். கேரட் வழுக்குகிறது. பீன்ஸ் வளைகிறது. கத்தரிக்காய் பொத்தானைவிடப் பெரியது. கடைசியாகக் கோவைக்காய். ஈரம், சதை, நுனியில் நம் கட்டைவிரல் மாதிரியே ஒரு உருண்டை. ஆண்டவன் கோவைக்காயைப் படைத்தபோதே டச் போனை மனதில் வைத்திருக்கிறான்.

அப்போதும் அரை மனதாகத்தான் கேட்டது. கோவைக்காய்க்குள் ஒரு செம்புக் கம்பியைச் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடத்தில் போட்டேன். உடம்பு இல்லாத விரலுக்கு ஒரு உடம்பு வேண்டும் அல்லவா? குடம்தான் உடம்பு. தட்டியது. போன் கேட்டது. தட்டியது. கேட்டது. இதற்கு ஜபசிங்கம் என்று பெயர் சூட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அமிர்தம் கேட்டாள். "கால் கிலோ கோவக்கா வாங்கினேன். பாதிதான் இருக்கு."

"பச்சையாச் சாப்பிட்டேன். சர்க்கரைக்கு நல்லது."

"உங்களுக்குச் சர்க்கரையே இல்லையே?"

"இனிமேலும் வராது."

ஜூலை 24, வியாழன்

ஜபசிங்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அமிர்தம் மதியம் தூங்கும்போதும், கோயிலுக்குப் போகும்போதும், "போனை வச்சுட்டுப் போ, சார்ஜ் போடுறேன்" என்று வாங்கி அதன் கீழே படுக்க வைத்துவிடுகிறேன். டக், டக், டக். கொட்டாவி இல்லை, முதுகு வலி இல்லை, நடுவில் எழுந்து பால் காய்ச்சுவதில்லை.

சாயங்காலம் போனைப் பார்த்து அமிர்தம் திகைத்தாள். "ஏங்க, நான் விட்ட இடத்துலருந்து ரொம்பத் தள்ளி நிக்குதே?"

தயாராக வைத்திருந்தேன். "ஆடி மாசம்ல? ஆப்ல தள்ளுபடி போட்டிருக்கான். ஒரு நாமத்துக்கு ஒண்ணு இலவசம்."

"சாமி கணக்குலயா?"

"ஜவுளிக் கடையே போடுறான். சாமி போடமாட்டாரா?"

நம்பிவிட்டாள். நம்பியிருக்கத்தான் வேண்டும். போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீங்கிய விரலில் மறுபடி எண்ணத் தொடங்கினாள். இலவசம் கிடைக்கும்போது எதற்கு உழைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

வரலாறு மாறியது. குழுவில் முதலிடம்: அமிர்தவல்லி கோதண்டம். இரண்டாமிடம்: புஷ்பவேணி டீச்சர். டீச்சர் இன்று காலை எங்கள் வாசலைத் தாண்டி மூன்று தடவை போனார். பால் பூத்து எதிர்த் திசையில் இருக்கிறது.

தள்ளுவண்டிக்காரர் எங்களுக்கென்றே கோவைக்காய் எடுத்து வைக்கிறார். ஒரு காய் ஒரு நாள் தாங்குகிறது. சாயங்காலத்துக்குள் தோல் சுருங்கிவிடும். சுருங்கியதைப் பொரியலில் போட்டுவிடுகிறேன். புண்ணியம் வயிற்றுக்கும் போகட்டும்.

ஜூலை 30, புதன்

மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டிருந்தார். நிறையக் கேட்டார். நான் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவருக்கு வேலை இருந்தது. நானும் கேட்கவில்லை.

மற்றபடி இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நிதானமாக எழுத வேண்டிய நாள். 

காலையில் ஜபக்குழுப் பெண்கள் வேன் பிடித்து அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பினார்கள். தேன்மொழியும் வந்தாள். "நீங்களும் வாங்க, காத்தாட உக்காரலாம். பையை மட்டும் தூக்காதீங்க" என்று அமிர்தம் என்னையும் ஏற்றினாள். கிளம்பும்போது நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். "போனை வீட்டுல வச்சுட்டு வா. ஆத்துல விழுந்துரும்." வைத்தாள். நான் பின்னால் போய், புதிய கோவைக்காய் சொருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து வேனில் ஏறினேன்.

காவிரி இரண்டு கரையும் முட்டி ஓடியது. மஞ்சள், காதோலை, கருகமணி எல்லாம் ஆற்றோடு விட்டார்கள். பிறகு படியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குகளைத் திறந்தார்கள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். எனக்கு மட்டும் உப்பில்லாத தயிர் சாதம். அப்போது டீச்சர், தன் இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனை எடுத்தார்.

"அமிர்தம், உன் கணக்கு என்ன இப்படி ஓடுது?"

"தெரியலை டீச்சர். என் போன் வீட்டுல இருக்கு. ஆத்துல விழுந்துரும்னு இவர்தான் வச்சுட்டு வரச் சொன்னார்."

"போன் வீட்டுல இருக்கு. நீ இங்க புளியோதரை சாப்பிட்டுட்டு இருக்க. கணக்கு ஏறுது. இதோ இப்ப ஒண்ணு. இதோ இன்னொண்ணு."

பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் ஆற்றின் எதிர்க்கரையை மிகவும் கவனமாகப் பார்த்தேன். டீச்சர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குப் பேரு அஜபா ஜபம்" என்றார். "வாய் சொல்லாம, கை எண்ணாம, விடுற மூச்சே நாமமா ஓடுறது. பெரிய ஞானிகளுக்குத்தான் வாய்க்கும்."

"புளியோதரை திங்கிறப்பவுமா டீச்சர்?" என்றார் மூன்றாம் வீட்டு அம்மா.

"மூச்சு விடுறாளா இல்லையா?"

"விடுறா."

"அப்ப ஓடும்."

அவ்வளவுதான். முதலில் விழுந்தது டீச்சர். முட்டி வலிக்காரர், எப்படி மடங்கினார் என்பதே தனி அதிசயம். பின்னால் மற்றவர்கள். பக்கத்துப் படியில் இருந்தவர்கள் "யாரு இவங்க?" என்று கேட்க, "பொன்மலையம்மா" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து அமிர்தத்தின் மடியில் போட்டு, "ராத்திரி தூங்க மாட்டேங்குதும்மா, ஊதிவிடுங்க" என்றாள். குழந்தை புளியோதரையில் கை வைத்தது. தேன்மொழி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குலுங்கினாள். பக்திப் பரவசம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அமிர்தம் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத மாட்டேன். பெயிண்டுக் கடை டைரி, தாள் மெல்லியது.

வேனில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரத் துணியவில்லை. என்னைத் தவிர. எனக்கு வேறு இடம் தரவில்லை.

வீடு திறந்ததும் உள்ளே டக், டக், டக். அவள் நேராகச் சத்தம் வந்த இடத்துக்குப் போனாள். பழைய டேபிள் ஃபேன் தண்டில் கட்டிய குட்டி மோட்டார், அதன் கையில் கோவைக்காய், கம்பி, பித்தளைக் குடம், கீழே அவள் போன். கோவைக்காய் பகல் முழுக்க உழைத்துத் தோல் சுருங்கிப் போயிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"மிக்ஸி வேகம் பாக்குற கருவியா இது?"

விஞ்ஞானத்தை முதலிலிருந்து விளக்கினேன். ஈரம், சதை, கரண்ட்டு, குடம். விரல் வீங்கியதால் என் நெஞ்சு பொறுக்காமல் செய்தேன் என்றும் சேர்த்தேன். அது உண்மை என்பதால் நடுவில் கொஞ்சம் தடுமாறியது. உண்மை பேசிப் பழக்கம் வேண்டும்.

"சரி. நாமம் யார் சொல்றா?"

"நாமமா? அது... பொத்தான் மேலயே எழுதியிருக்கே."

"நான் யாருக்காக எண்ணுறேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"கோவக்கா எண்ணினா கோவக்காதான் பிழைக்கும். நீங்க பிழைப்பீங்களா?"

நான் குனிந்து சுவிட்சை அணைத்தேன். கரண்ட் பில் ஏறுகிறதல்லவா?

ஆகஸ்ட் 4, திங்கள்

அமிர்தம் காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஞானி ஆன மறுநாளே ராஜினாமா. என்னைக் கேட்டிருந்தால் ஒரு வாரமாவது இருக்கச் சொல்லியிருப்பேன். ஜபசிங்கம் தட்டியதை எல்லாம் அவள் கணக்கிலிருந்து டீச்சர் கழித்துவிட்டார். முப்பதாயிரத்துச் சொச்சம். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம்.

கழித்ததை நான் சொல்லித் தீர்க்க வேண்டுமாம். வாயால். தீர்ப்பு அமிர்தத்துடையது, மேல்முறையீடு கிடையாது.

"சரி, சொல்றேன். நடந்துக்கிட்டே சொல்றேன், கடைக்குப் போயிட்டே சொல்றேன்."

"வேணாம். உங்க மெஷின் தட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

அப்போது தேன்மொழி உள்ளே வந்தாள். கையில் ஒரு செம்புக் காப்பு. அதில் கம்பி பற்றவைத்திருந்தது. பித்தளைக் குடத்திலிருந்த கம்பியை உருவி எறிந்துவிட்டு, காப்பை என் மணிக்கட்டில் மாட்டினாள்.

"என்னடி இது?"

"குடத்துக்குப் பதில் இனிமே நீங்க மாமா. நீங்க இருந்தாத்தான் விரலுக்கு உசிரு. காப்பைக் கழட்டினா போனுக்குக் கேக்காது."

கழற்றிப் பார்த்தேன். ஜபசிங்கம் தட்டிக்கொண்டே இருந்தது, போன் அசையவில்லை. மச்சானிடம் பேசுகிற மாதிரி. மாட்டினேன். கேட்டது.

சாய்வு நாற்காலியைப் பூஜை அறை வாசலில் போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்தார்கள். கம்பி இரண்டு முழம்தான். எழுந்தால் அறுந்துவிடும். பாத்ரூம் போக மட்டும் அனுமதி உண்டு. சும்மா உட்கார்ந்து மெஷினை மட்டும் தட்ட விடலாம் என்று வாயை மூடிப் பார்த்தேன். அடுக்களையில் காது இருக்கிறது. என் குரல் நின்றால் அங்கே கரண்டி பாத்திரத்தில் டங்கென்று விழுகிறது.

"டாக்டர் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு அத்தை" என்று தேன்மொழி சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது. ஏதோ பெண்கள் சமாச்சாரம். நமச்சிவாய.

ஆகஸ்ட் 6, புதன்

டீச்சர் வந்தார். திட்டத்தான் வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது.

"ஏன் கோதண்டம், வெக்கமா இல்லை? காவிரிக் கரையில நூறு பேர் முன்னாடி ஒரு மெஷினை நம்பி என் முட்டியை மடக்கிட்டேன்."

"நமச்சிவாய டீச்சர். எழுந்து மரியாதை பண்ண முடியலை, கம்பி அறுந்துரும். நமச்சிவாய."

ஜபசிங்கத்தைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து கோவைக்காயைப் பார்த்தார். அமிர்தம் காப்பி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் விரல் மூட்டெல்லாம் வலி. ஒண்ணு செஞ்சு தருவியா?"

"தரலாம் டீச்சர். ஆனா இதுக்கு ஒரு ஆளை உக்கார வைக்கணும். உங்க வீட்டுக்காரரை உக்கார வைங்க."

"அவர் உக்காந்துதான் இருக்கார், ரிட்டையர் ஆனதுலருந்து. வாய் திறக்க மாட்டாரே."

முதல் ஆர்டர். நான் படுத்துக்கொண்டிருந்தாலும் தொழில் வளர்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

காப்பைக் கழற்றி மறுபடி ஏதாவது குடத்தில் மாட்டிவிட்டு ஒரு பத்து நிமிடம் வாசலில் காற்று வாங்கலாம் என்று பார்த்தேன். வீட்டில் இருந்த பித்தளை, செம்பு, வெண்கலம் எல்லாம் பரணுக்கு ஏறிவிட்டன. பரணுக்கு ஏற ஏணி வேண்டும். ஏணி தேன்மொழி கடையில் இருக்கிறது.

காயில் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த பீடிக்கட்டையும் தேடினேன். அதற்குப் பதில் கற்கண்டு இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

குரல் கட்டிவிட்டது. அமிர்தம் அதிமதுரம் தருகிறாள். அவள் எதிரில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி பொறுக்குகிறாள். என் உதட்டைப் பார்க்கிறாள். நான் ஒன்று சொன்னால் அவள் உதடும் அசைகிறது. போனில் ஒன்றாகத்தான் விழுகிறது. தள்ளுபடி என்று நான் சொன்னது இப்போது நேர்மாறாக நடக்கிறது. இரண்டுக்கு ஒன்று.

ஒரு விஞ்ஞானக் குறிப்பு: படி ஏறினால் நெஞ்சில் வருகிற அழுத்தம் இந்த வாரம் வரவில்லை. படியே ஏறவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நாமமும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் கண்டுபிடித்தவன் நான்தான்.

இன்று மதியம் அவளிடம் கேட்டேன். "அமிர்தம், மயக்க மருந்து குடுத்தா, எல்லாரும் முழிச்சுக்குவாங்களா?"

அரிசி பொறுக்கிய கை நின்றது. "கல்லு நிறைய இருக்கு இந்த அரிசில" என்றாள். பிறகு, "முழிச்சுக்குவீங்க" என்றாள்.

அரிசியில் கல் இல்லை. நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இன்று அட்மிட் ஆக வேண்டும். விடிந்ததிலிருந்து உட்கார்ந்து வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் அவளும் சேர்ந்து சொன்னதெல்லாம் கூடி, லட்சம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. கோதண்டம் எடுத்த காரியத்தை முடிக்காமல் விட்டதில்லை, ஒன்பதாம் வகுப்பைத் தவிர.

திடீரென்று அமிர்தம் வந்து ஜபசிங்கத்தின் சுவிட்சை அணைத்தாள். காப்பைக் கழற்றினாள்.

"என்ன பண்ற? இன்னும் நூத்தெட்டுதான். இப்ப முடிச்சுருவேன்."

"இருக்கட்டும்."

"லட்சம்னு வேண்டிக்கிட்டியே? ஆபரேஷனுக்குள்ளன்னு?"

"நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன். அந்த நூத்தெட்டை நீங்க ஆபரேஷன் முடிஞ்சு வந்து சொல்லுங்க. கணக்கு பாக்கி இருக்கிறவரை சாமி கூப்பிட்டுக்காது. வசூல் பண்ணாம எப்படி விடும்?"

சாமியிடமே தந்திரம் செய்கிறாள். இத்தனை நாளும் வீட்டில் தந்திரசாலி நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவைக்காயை உருவி எடுத்து முறத்தில் போட்டாள். ஆட்டோ வந்துவிட்டது. பையைத் தேன்மொழி தூக்கிக்கொண்டாள். நான் தூக்க வேண்டும் என்று சண்டை போடவில்லை. ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முன்னால் குடும்ப விஷயம் வேண்டாம் என்று.

ஆகஸ்ட் 23, சனி

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நெஞ்சில் தையல். எத்தனை தையல் என்று சொன்னால் ஊர் நம்பாது. டாக்டர்கள் மூன்று லைனும் இழுத்துவிட்டார்கள். உள்ளே பார்த்து அசந்து போனார்களாம். அவர்கள் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

விழித்த கதையைப் பதிவு செய்ய வேண்டும். கண் திறந்தபோது எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. வெள்ளை வெளிச்சம். உடம்பெல்லாம் கம்பி. பக்கத்தில் ஏதோ ஒன்று டிக், டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. என் வலது கை விரலை ஒரு சின்னக் கருவி கவ்விப் பிடித்திருந்தது. சிவப்பாக விளக்கு எரிந்தது. விரலிலிருந்து கம்பி மெஷினுக்குப் போனது. மெஷினில் எண் ஓடியது.

எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. யாரோ நம் யோசனையைத் திருடிப் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். இந்தத் தடவை கோவைக்காயும் நானே, குடமும் நானே.

நர்சுப் பெண் குனிந்தாள். "ஐயா, என்ன முணுமுணுக்கிறீங்க? வலிக்குதா?"

"மெஷின் எண்ணுதும்மா" என்றேன். "சொல்ல ஆள் வேணும்ல?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அமிர்தம் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் போன் இல்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரல் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. நான் கண் திறந்ததைப் பார்த்ததும் நின்றது.

இன்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே வந்ததும் முதல் கேள்வியாக, "பாக்கியைச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"ஐசியுவிலேயே முடிச்சாச்சு. நூத்தெட்டும். நர்சே சாட்சி."

கையெடுத்துக் கும்பிட்டாள். சுவருக்குத்தான், ஆனால் பாதி என் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு கஞ்சியை ஆற்றினாள்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் நூற்றேழுதான் சொன்னேன். கடைசி ஒன்று உதட்டுக்கு வந்தது, பிடித்து நிறுத்திவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு எந்த அவசரமும் இல்லை.